வெளியறைக்காரரின் செருப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, நாலு பேர் நடமாடுகிற தெருவில், ஒரு பெரிய மனிதர் மண்டியிட்டு அடுத்தவன் செருப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? உடன் வந்த உதவியாள் ஜெபசீலனுக்கு அந்தக் கவலைதான். மண்டியிட்டிருந்தவரோ ஊரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அல்ல. இருபத்திரண்டு வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து, கட்சிக்காரர்கள் சொன்ன பொய்யையெல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் உண்மை எப்படி இருக்கும் என்று பார்க்கிற ஆசையினால் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் ஞானசம்பந்தன்.

"அண்ணாச்சி, செருப்பு வேணும்னா கடைக்குப் போவோம். இது உமக்குச் சேராது" என்றான் ஜெபசீலன்.

"சும்மா இரும்வே. உள்ள என்ன இருக்குன்னு பாரும்."

பார்த்தான். இடது செருப்பின் முன்வாருக்குள் குளவி ஒன்று களிமண்ணால் அழகாகக் கூடு கட்டியிருந்தது. ஒரு கூடு அல்ல, மூன்று.

"குளவிக் குடும்பம் விருத்தியா இருக்கு. அதுகிட்டயாவது உம்ம மதினி வாடகை வாங்குதாகளா?" என்றார் ஞானசம்பந்தன்.

கதவருகில் நின்ற சாலோமிக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற நிலையிலும் அவள் இல்லை. பாளையங்கோட்டையில் அந்தச் சிறு வீட்டில்தான் அவள் கல்யாணமாகி வந்து விளக்கேற்றினாள். புருஷன் கண்ணை மூடியதும் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்து, ஞாயிறுதோறும் விடியுமுன் வண்டியேறிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் அங்குள்ள பெண்களுக்கு வேதபாடம் நடத்தி, மானமாகப் பிழைத்து வந்தாள். தனியாக இருக்கும் பெண்பிள்ளை வீட்டு வாசலில் ஒரு ஆண்பிள்ளையின் செருப்பு கிடந்தால் திருடன் அஞ்சுவான் என்று யாரோ யோசனை சொன்னார்கள். சாலோமி செருப்பை மட்டும் வாங்கிப் போட்டிருக்கலாம். நேர்மையான மனுஷி, செருப்போடு ஆளையும் சேர்த்து வெளியறையில் குடிவைத்தாள்.

உள்வாடகைக்கு ஆள் வைத்தால் அன்றைக்கே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று வாடகைச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. வீட்டுக்காரர் வேதநாயகம் பஞ்சு வியாபாரி, கோயில் கமிட்டி மெம்பர். நேற்று சாயங்காலம் அவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது: 'நாளை ஆராதனை முடிந்து பதினொரு மணிக்கு வீட்டைப் பார்வையிட வருவோம். எல்லா அறைகளும் திறந்திருக்க வேண்டியது.'

வெளியறையிலோ குடியிருந்தவர் போட்ட பூட்டு தொங்கிற்று. குடியிருந்தவரைக் காணோம். கிராமத்துக்குப் போக வேண்டிய சாலோமி, போகாமல் கொழுந்தன் முறையான ஜெபசீலனுக்கு ஆள் அனுப்பினாள்.

"மதினி, தெரியாத மனுஷனுக்கு எப்படி இடம் கொடுத்திய?" என்றான் ஜெபசீலன். "இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

"தெரியாதவருன்னு எப்படிச் சொல்லுதது? வந்தன்னைக்கே நூத்திப்பத்தொன்பதாம் சங்கீதத்தைப் புஸ்தகம் பாக்காம முழுசாச் சொன்னாரு கொழுந்தனாரே. அது எம்புட்டு நீளம்! ஒரு வசனம் தப்பலை."

"சங்கீதம் சொன்னவனை விசாரிக்காம வீட்டுக்குள்ள விடுத ஊரு இது ஒண்ணுதான் அண்ணாச்சி. நம்ம ஆளுககிட்ட ஒரு ஞானப்பாட்டைச் சரியான ராகத்துல பாடிட்டா, பெட்டிச் சாவியவே கொடுத்திருவாக."

ஞானசம்பந்தன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தது. "பேரு என்னம்மா?"

"தேவதாசன். உடன்குடிப் பக்கம். ஏதோ பள்ளிக்கூடத்துல வாத்தியாருன்னாரு."

"பேரை உங்ககிட்ட ஏன் கேக்கணும்? அந்தா எழுதிப் போட்டிருக்கே" என்று ஜெபசீலன் கதவு நிலையைக் காட்டினான். அங்கே, கீழோரத்தில் இரண்டெழுத்துத் தெரிய, ஈரச் சேலை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அதை விலக்கினான். உள்ளே, பளபளவென்று வர்ணம் அடித்த பலகை: 'தேவதாசன், ஆசிரியர், இங்கே வசிக்கிறார்.'

சாலோமி முகத்தை மூடிக்கொண்டாள். "வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல அடிச்சிட்டாரு. அதை மறைக்க நான் ஆறு வாரமா துவைச்ச சேலையவே துவைச்சிக்கிட்டு இருக்கேன்."

ஞானசம்பந்தனின் கண்கள் மின்னின. வெளியறையின் சன்னல் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே தெரிகிற மாதிரி ஒரு குடை ஆணியில் தொங்கியது. சுவரோரம் பாய், கடையில் சுற்றிக் கொடுத்த கயிறு அவிழ்க்கப்படவே இல்லை. மாடத்தில் விளக்கு, திரி வெள்ளைவெளேரென்று, நெருப்பையே காணாமல்.

"ராத்திரி தங்குதாரா?"

"அந்தப் பக்கம் தனி வாசல் அண்ணாச்சி. விளக்கு வச்சதும் நடுக்கதவைத் தாப்பாள் போட்டிருவேன். நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

எதிர்வீட்டுப் படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆசியா உம்மாள், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லித் தெருவை நடத்துகிற பெண்மணி. "அந்த வாத்தியாரா? சனிக்கிழமை ஆச்சுன்னா வருவாரு. கால் நாழி இருப்பாரு. ஆனா அந்தக் கால் நாழிக்குள்ள தெருவையே எழுப்பிருவாரு வாப்பா! 'ஆசியாம்மா சௌக்கியமா? நான் இங்கனதான் இருக்கேன்'பாரு. நான் என்ன, இல்லைன்னா சொன்னேன்? தபால்காரரைக் கூப்பிட்டு, 'எனக்குக் காகிதம் வந்தா இந்த வீட்டுலதான் கொடுக்கணும்'பாரு. பொறகு பூட்டிட்டுப் போயிருவாரு. அல்லாவே, இப்படியும் ஒரு குடித்தனமான்னு நெனப்பேன்."

ஞானசம்பந்தன் திரும்பினார். "ஜெபசீலன், திருடன் எப்படிவே இருப்பான்?"

"ஒளிஞ்சு இருப்பான்."

"கள்ளநோட்டு அடிக்கிறவன்?"

"அவனும் ஒளிஞ்சுதான். போன வருஷம் வெள்ளைக்காரனை எதுத்து நடந்த கலகத்துல ஓடிப்போனவன்னாலும் ஒளிஞ்சுதான் இருப்பான்."

"இவன் குடியிருக்கலை. ஆனா குடியிருக்கேன், குடியிருக்கேன்னு பலகை அடிச்சுச் சொல்லுதான். ஒரு சாமானும் திருடலை. அவன் வாடகைக்கு எடுத்தது அறையை இல்லைவே. விலாசத்தை." சாலோமியிடம் மெதுவாகக் கேட்டார்: "முதல்ல வந்தப்ப என்ன கேட்டான்? வாடகை எவ்வளவுன்னா?"

"இல்லை. வாடகையே கேக்கலை. 'இந்த வீடு எந்தச் சேகரத்துல சேரும்?'னுதான் முதல்ல கேட்டாரு." சாலோமியின் குரலில் அப்போதும் கொஞ்சம் பெருமை இருந்தது. "பெரிய கோயில் சேகரம்னேன். 'ஸ்தோத்திரம்'னு கண்ணை மூடிக்கிட்டாரு. இப்படி ஒரு பக்தியான்னு..."

"சேகரம்னா?"

"ஒரு கோயிலுக்கு உட்பட்ட எல்லை அண்ணாச்சி. உங்க ஆளுகளுக்குத் தாலுகா மாதிரி, எங்களுக்குச் சேகரம்" என்றான் ஜெபசீலன்.

"சரி. ஒருத்தன் ஒரு சேகரத்துல குடியிருக்கான்னு காட்டினா என்ன லாபம்?"

ஜெபசீலன் விரல் விட்டு எண்ணினான். "கமிட்டித் தேர்தல்ல கை தூக்கலாம். சபைச் சங்கத்துல சேரலாம். செத்துப்போனா அந்தச் சேகரத்துக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடைக்கும்..."

"சாகுத மாதிரி இருந்தானாம்மா?"

"சீ! நல்லா இருந்தாரு. போன வாரம் புதுச் சட்டைக்கு அளவு கொடுத்திட்டு வந்தேன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாரு."

"புதுச் சட்டையா?" ஜெபசீலனின் விரல் அந்தரத்தில் நின்றது. "ஐயையோ! ஓலை!"

"என்ன ஓலை?"

"கல்யாண ஓலை அண்ணாச்சி! எங்க கோயில்ல கல்யாணம்னா மூணு ஞாயித்துக்கிழமை சபையில பேரு வாசிக்கணும். தடை இருந்தா யாரும் எந்திச்சுச் சொல்லலாம். மாப்பிள்ளை வேற சேகரம்னா அவன் ஊர்க் கோயில்லயும் வாசிக்கணும். அங்க வாசிச்சா அவன் அப்பனும் பங்காளியும் எந்திச்சு நிப்பான். மாப்பிள்ளை இந்தச் சேகரத்திலேயே குடியிருக்கான்னு ஆயிட்டா, இந்த ஒரு கோயிலோட முடிஞ்சிரும். சொந்த ஊருக்குக் காக்காகூடச் சேதி சொல்லாது!"

ஞானசம்பந்தன் சந்தோஷத்தில் கையைத் தட்டினார். உடனே முகம் சுருங்கியது. "அப்ப போன ரெண்டு ஞாயிறும் இந்தப் பேரை வாசிச்சிருக்கணுமே. அம்மா கிராமத்துக்குப் போயிருவாக, சரி. நீரு கேக்கலையா?"

ஜெபசீலன் வானத்தைப் பார்த்தான்.

"எனக்குக் காய்ச்சல், அதான் கோயிலுக்குப் போகலைன்னு சொன்னீரே கொழுந்தனாரே?" என்றாள் சாலோமி.

"காய்ச்சல்தான் மதினி. ஆத்துல முங்கினாத்தான் கேக்கும்னு வண்ணாரப்பேட்டைப் படித்துறைக்குப் போயிட்டேன். ரெண்டு வாரமும்."

"கோயிலுக்கு ஒழுங்காப் போற ஒரு ஆளை வேலைக்கு வச்சிருந்தேன்னா, இந்தக் குளவியை நான் கும்பிட்டிருக்க வேண்டாம்" என்றார் ஞானசம்பந்தன். "நடங்க. இன்னைக்கு மூணாவது ஓலையா இருக்கும். மாப்பிள்ளை கோயிலுக்குள்ளதான் இருப்பான். சாவியை வாங்குதோம், பலகையைக் கழத்துதோம், பதினொரு மணிக்கு வீட்டைத் துடைச்சு வைக்குதோம்."

மே மாத வெயிலில் மூவரும் வேகமாக நடந்தார்கள். சாலோமியின் மனசு பாதி வழியிலேயே லேசாகிவிட்டது. வேதநாயகம் தமிழ் ஆராதனைக்கு வருகிறவர் அல்ல. துரைமார் வருகிற ஆங்கில ஆராதனைக்குத்தான் கோட்டு மாட்டிக்கொண்டு போவார். அங்கே என்ன சொல்கிறார்கள் என்பது அவருக்கு விளங்காது. வீட்டுக்கு வந்ததும் தம்பி மகள் பாக்கியவதி அதைத் தமிழில் சொல்வாள். இங்கிலீஷ் பத்திரிகையையும் அவள்தான் வாசித்து அர்த்தம் சொல்வாள். அதை வைத்துக்கொண்டு அவர் வாரம் முழுவதும் சபையில் பேசுவார். பெற்றோர் இல்லாத அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. வந்த வரன்களையெல்லாம் வேதநாயகம் 'படிப்புப் போதாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் போய்விட்டால் அவருடைய படிப்பு என்ன ஆவது?

கோயில் வாசலில் செருப்புக் குவியலுக்கு நடுவே ஒரு ஜோடி சீமை பூட்ஸ் இருந்தது. ஜெபசீலன் நின்றுவிட்டான்.

"அண்ணாச்சி, இது வேதநாயகம் ஐயாவோடது."

"அவரு இங்கிலீஷ் ஆராதனைக்குல்லா போவாரு?" என்றாள் சாலோமி.

வாசல் காவலாளி சொன்னான்: "துரைச் சாமியாருக்கு வெயில் தாங்கலைன்னு முந்தாநாள் கொடைக்கானல் மலைக்குப் போயிட்டாரு. இங்கிலீஷ் ஆராதனை இல்லை. பெரியவரு இன்னைக்கு இங்கன வந்திருக்காரு. முன்வரிசையில உக்காந்து நல்லா உறங்குதாரு."

உள்ளே குருவானவர் இரண்டாம் பாடம் வாசித்து முடித்துக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். காகிதத்தை எடுத்தார்.

"நமது சேகரத்தில், வடக்குத் தெருவில், சாலோமி அம்மாள் குடியிருக்கும் வீட்டு வெளியறையில் வசிக்கும் தேவதாசனும், இதே சேகரத்தில், வேதநாயகம் அவர்கள் வீட்டில் வசிக்கும் அவர் தம்பி மகள் பாக்கியவதியும் விவாகம் செய்ய நிச்சயித்திருக்கிறார்கள். தடை அறிந்தவர்கள் இப்போது சொல்ல வேண்டியது. இது மூன்றாம் முறை."

தன் பேரைக் கேட்டால் எந்த உறக்கமும் கலையும். வேதநாயகம் எழுந்தே விட்டார். இரண்டு வாரமாகச் சபை அறிந்ததை அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. ஆண்கள் பக்கத்தில் புதுச் சட்டைக்காரன் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் பக்கத்தில் பாக்கியவதி குனியவில்லை. நேரே பலிபீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தடை! நான் சொல்லுதேன் தடை!"

"என்ன தடை ஐயா?" என்றார் குருவானவர். "அவருக்கு முன்னமே கல்யாணம் ஆகியிருக்கிறதா? இருவருக்கும் ஆகாத உறவுமுறையா?"

"எனக்குப் பிடிக்கலை!"

"பெண்ணுக்கு இருபத்தாறு வயது. உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது தடைகளின் பட்டியலில் இல்லை."

சபையில் ஒரு சிரிப்பு அங்குமிங்கும் ஓடியது. வேதநாயகம் வியாபாரி, ஒரு கதவு மூடினால் அடுத்த கதவைத் தட்டத் தெரிந்தவர். "அவன் இந்தச் சேகரத்து ஆளே இல்லை! வடக்குத் தெரு வீடு என் வீடு. அங்க வெளியாள் யாரும் கிடையாது. உள்வாடகைக்கு விடக்கூடாதுன்னு சீட்டு எழுதி வாங்கியிருக்கேன். அந்தம்மா எழுத்தை மீறுத பொம்பளை இல்லை. இவன் சொன்ன விலாசம் பொய்! அவன் ஊர்லயும் ஓலை வாசிக்கணும்!"

வாசலோரம் நின்ற சாலோமி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அப்போது அவள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. திருநீறு பூசிய நெற்றியைப் பார்த்து சபை முழுவதும் திரும்பியது.

"மன்னிக்கணும் சாமி. நான் வெளியாள். ஆனா கோர்ட்டு நடைமுறை தெரிஞ்சவன். ஆட்சேபணைன்னா வாயால சொன்னாப் போதாது. பதிவேட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

"அண்ணாச்சி!" ஜெபசீலன் அவர் மேல்துண்டைப் பிடித்து இழுத்தான். "யாரு பக்கம்வே நீரு?"

"பையப் பேசும்."

குருவானவருக்கு அந்த யோசனை பிடித்தது. பதிவேடும் மைக்கூடும் வந்தன. வேதநாயகம் வெற்றிக் களிப்போடு எழுதினார், சபை கேட்கட்டும் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "வடக்குத் தெருவிலுள்ள எனது வீட்டை சாலோமி அம்மாள் யாருக்கும் உள்வாடகைக்கு விட்டதில்லை என்றும், நாளது தேதிவரை வாடகைச் சீட்டின் நிபந்தனை எதையும் மீறியதில்லை என்றும், நான் அறிந்து உறுதி கூறுகிறேன்." கமிட்டி மெம்பர் என்பதையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மூப்பர்கள் சாட்சி போட்டார்கள்.

குருவானவர் நிமிர்ந்தார். "சாலோமி அம்மாள், முன்னால் வாருங்கள். இந்தத் தேவதாசனுக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுத்திருக்கிறீர்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை போதும். வீடு தங்கும். புருஷன் படுத்திருந்த கட்டிலை வண்டியில் ஏற்ற வேண்டியதில்லை. சாலோமி பெண்கள் பக்கம் பார்த்தாள். பாக்கியவதி இப்போதுதான் தலையைத் திருப்பினாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால்கூடச் சாலோமிக்கு இல்லை என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"கொடுத்திருக்கேன் ஐயா" என்றாள். "அவர் சாமான் இருக்கு. அவர் பூட்டு இருக்கு."

"பொய்!" என்று கத்தினார் வேதநாயகம். "ராத்திரி அவன் அங்க படுத்து எந்திக்கானான்னு கேளுங்க!"

சாலோமி நிமிர்ந்தாள். வகுப்பில் பேசுகிற பையனைப் பார்க்கிற பார்வை ஒன்று அவளிடம் உண்டு.

"ஐயா, நான் புருஷன் இல்லாத பொம்பளை. விளக்கு வச்சதும் கதவைச் சாத்திக்கிடுவேன். அடுத்த அறையில ஆம்பிளை படுத்திருக்காரா, உக்காந்திருக்காரான்னு எட்டிப் பாக்குத பழக்கம் எனக்கு இல்லை. பாக்கணும்னு கோயில் கமிட்டி சொல்லுதா?"

பெண்கள் பக்கம் முழுவதும் ஒரு பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தது. கமிட்டி மெம்பர்கள் அவரவர் ஞானப்பாட்டுப் புஸ்தகத்தில் அவசரமாக எதையோ தேடினார்கள். குருவானவர் இருமிக்கொண்டு, "போதும் அம்மா, போய் உட்காருங்கள். தடை நிலைக்கவில்லை. ஓலை செல்லும்" என்றார்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேதநாயகம் பூட்ஸைக்கூட மாட்டாமல் வந்து நின்றார். "சபைக்கு முன்னால ஒத்துக்கிட்டிய. சீட்டை மீறிட்டிய. நாளைக்கு விடியுமுன்ன வீடு காலியாகணும். இல்லைன்னா முன்சீப் கோர்ட்டுக்குப் போவேன்!"

"போங்க, போங்க" என்றார் ஞானசம்பந்தன் பணிவாக. "மனுவை வேணும்னா நானே எழுதித் தாரேன். ஒரு சங்கடம் மட்டும் இருக்கு. அந்தம்மா சீட்டு நிபந்தனை எதையும் மீறலைன்னு, அறிந்து, உறுதியா, நீங்க இப்பத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிய. ரெண்டு மூப்பர் சாட்சி. கோர்ட்டுல முதல் சாட்சியே அந்தப் பதிவேடுதான்."

"அது தெரியாம எழுதினது!"

"'அறிந்து'ன்னு எழுதியிருக்கியளே. கோயில்ல பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு, கமிட்டி மெம்பர் அவுகளே கூண்டுல ஏறி நிரூபிக்கணும். வக்கீல் கிடைப்பாரு. அடுத்த தேர்தல்ல ஓட்டுதான் கிடைக்குமான்னு தெரியலை."

வேதநாயகம் பழக்கத்தினால், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க, பாக்கியவதியைத் தேடித் திரும்பினார். அவள் தூரத்தில் புதுச் சட்டைக்காரனோடு வந்துகொண்டிருந்தாள். பூட்ஸைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பெரியவர் வண்டிக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, கும்பிடுதேன்" என்றான் ஜெபசீலன். "உம்மை ஒரு நிமிஷம் யூதாசுன்னு நெனச்சிட்டேன்."

"அது யாருவே?"

"ஞாயித்துக்கிழமை வாங்க, சொல்லுதேன்."

தேவதாசன் வந்து சாலோமியின் முன் கைகட்டி நின்றான். உடன்குடிக் கருப்பட்டி வியாபாரியின் மகன். அப்பா இன்னொரு கருப்பட்டிக் கிட்டங்கி முதலாளி வீட்டில் பெண் பேசி வைத்திருந்தார். அவன் வாயைத் திறக்குமுன் சாலோமி கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடும். சங்கீதம் சொல்லியா என்னை ஏமாத்தினீரு? இன்னைலேருந்து கல்யாணம் முடியுத வரைக்கும் அங்கனதான் படுக்கணும். நான் சபையில சொன்னது பொய்யாகக் கூடாது. கல்யாணத்துக்கு மறுநாள் குடையைத் தூக்கிட்டு, பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு, வேற வீடு பாத்துப் போயிரணும்."

"சரிக்கா" என்றான் அவன். தொண்டையைச் செருமிக்கொண்டான். "அப்பா வீட்டுக்குள்ள விடமாட்டாரு. இவ பெரியப்பாவும் இனிமே விடமாட்டாரு. இந்த ஊர்ல முன்பின் தெரியாத எனக்கு யாருக்கா வீடு கொடுப்பாக?"

பாக்கியவதி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். வெயிலில் அவள் முகம் வாடியிருந்தது.

ஜெபசீலன் மதினியின் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்த இடத்தில் என்னமோ இளகிக்கொண்டு வந்தது. 'வெளியறை...' என்று உதடு பிரிந்தது.

"மதினி, வேண்டாம்!" என்று அலறிக்கொண்டு அவன் குறுக்கே பாய்ந்தான்.